மாத்திரை குறைய வேண்டுமானால்: உணவை மாற்றும் முறையும் மருத்துவரிடம் கேட்கும் முறையும்

சில ஆண்டுகளுக்கு முன், விடியற்காலை நான்கு மணியளவில், என் அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். பனியன் முழுவதும் வியர்வையில் நனைந்திருந்தது, கைவிரல்கள் நடுங்கின, கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாத பதில் வந்தது. விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 52 என்று காட்டியது. ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் பார்த்தோம், 88க்கு வந்திருந்தது. அதற்குப் பத்து நாள் முன்பிருந்துதான் அவர் இரவுச் சோற்றை விட்டுவிட்டுக் காய்கறியும் சுண்டலும் சாப்பிடத் தொடங்கியிருந்தார். ஆனால் சர்க்கரையை இறக்க இரவு போடும் கிளிமிபிரைட் மாத்திரை பழைய அளவிலேயே தொடர்ந்தது. சோறு குறைந்த செய்தி மாத்திரை எழுதித் தந்த மருத்துவருக்குத் தெரியவே தெரியாது.

அன்று எனக்குப் புரிந்ததைத்தான் இந்தக் குறிப்பு முழுவதும் சொல்லப்போகிறேன். உணவை மாற்றுவது மருந்தின் அளவை மாற்றுவதற்குச் சமமான காரியம். அந்த அளவுக்கு அதற்கு வலிமை இருக்கிறது. அதனாலேயே அதைத் தேதி போட்டு, அளந்து, மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

முதலில் மாத்திரைப் பெட்டி

சமையலறைக்குப் போவதற்கு முன் வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும் ஒரு செய்தித்தாளின் மேல் கொட்டிப் பரப்புங்கள். மருந்துக்கடையில் நான்கு, ஐந்தாகக் கத்தரித்து வாங்கிய அட்டைகளில் பெயர் அச்சிட்ட மூலையே இருக்காது. அப்படிப்பட்டவற்றைத் தனியே வைத்துவிட்டு, மருத்துவர் எழுதிய சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். பிறகு ஒரு தாளில் ஒவ்வொரு மாத்திரைக்கும் அதன் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எதற்காக, எந்த ஆண்டிலிருந்து என்று எழுதுங்கள். "எதற்காக" என்ற இடத்தில் எழுத எதுவும் தோன்றாமல் போகும் மாத்திரை பல வீடுகளில் ஒன்றாவது இருக்கும். எப்போதோ காய்ச்சலுக்குப் போனபோது மற்ற மாத்திரைகளோடு சேர்த்து எழுதப்பட்ட "கேஸ் மாத்திரை" அப்படியே தொடர்ந்துகொண்டிருக்கும்.

எழுதி முடித்ததும் அவற்றை வகை பிரிக்க வேண்டும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின், கிளிமிபிரைட் போன்றவை, இரத்த அழுத்தத்துக்கான ஆம்லோடிபின், டெல்மிசார்டான் போன்றவை, வயிற்று அமிலத்துக்கான பான்டோபிரசோல் ஆகியவை உணவும் எடையும் மாறும்போது பலருக்கு அளவு குறையக்கூடியவை. முதல் வகைச் சர்க்கரை நோய்க்கான இன்சுலின், தைராய்டு சுரப்பி குறைவாக வேலை செய்பவர்களுக்கான தைராக்சின், வலிப்புக்கான மருந்துகள், மனநலத்துக்கான மருந்துகள், இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் போடும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், ஸ்டாட்டின் ஆகியவற்றை எந்தக் காயோ கீரையோ சிறுதானியமோ ஈடுசெய்யாது. இவற்றின் மேல் கை வைக்காதீர்கள். அட்டெனலால், மெட்டோபிரலால், குளோனிடின் போன்ற அழுத்த மாத்திரைகள் ஒரு தனி எச்சரிக்கைக்கு உரியவை. இவற்றைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தமும் நாடித்துடிப்பும் முன்பிருந்ததைவிட மேலே ஏறக்கூடும். இதய நோய் உள்ளவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஆகவே குறைப்பதானாலும் மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

உணவு எவ்வளவு தூரம் கொண்டுபோகும்

பிரிட்டனில் ராய் டெய்லர், மைக் லீன் ஆகிய பேராசிரியர்கள் தலைமையில் நடந்த டைரக்ட் ஆய்வின் முதலாண்டு முடிவுகள் 2017இல் வெளியாயின. சர்க்கரை நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்ட, இன்சுலின் போடாத 306 பேர் அதில் பங்கேற்றார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி மட்டுமே தரும் உணவு கொடுக்கப்பட்டது. சர்க்கரை மாத்திரைகளும் அழுத்த மாத்திரைகளும் முதல் நாளே, மருத்துவக் கண்காணிப்பில், நிறுத்தப்பட்டன. ஓராண்டு முடிவில் அந்தப் பாதியில் 46 விழுக்காட்டினர் மாத்திரை இல்லாமலேயே நோயின் எல்லைக்குக் கீழே இருந்தார்கள். வழக்கமான சிகிச்சையிலிருந்த மறு பாதியில் அப்படி இருந்தவர்கள் 4 விழுக்காடு. எடையில் 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 விழுக்காட்டினருக்கு இந்தப் பலன் கிடைத்தது. கல்லீரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு கரையும்போது இன்சுலின் மறுபடியும் ஒழுங்காகச் சுரக்கவும் வேலை செய்யவும் தொடங்குகிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் இரண்டாம் ஆண்டு முடிவில் 46 என்பது 36 ஆகக் குறைந்துவிட்டது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். எடை திரும்பினால் நோயும் திரும்புகிறது.

இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை, 1997இல் அமெரிக்காவில் வெளியான டாஷ் ஆய்வு இன்றும் அடிப்படையாக நிற்கிறது. 459 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், காய், பழம், கொழுப்பு குறைந்த பால் பொருள்கள் மிகுந்த உணவைச் சாப்பிட்டவர்களில், ஏற்கெனவே அழுத்தம் உயர்ந்திருந்தவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 11 புள்ளிக்கு மேல் இறங்கியது. ஒரு மாத்திரை செய்யும் வேலைக்கு இது ஏறக்குறைய ஈடானது. உப்பைக் குறைக்காமலேயே கிடைத்த பலன் இது. உப்பையும் குறைத்தால் இன்னும் இறங்கும் என்பதை அதைத் தொடர்ந்து நடந்த மற்றோர் ஆய்வு காட்டியது.

தொடங்கும் நாளின் எண்கள்

எதை மாற்றுவதற்கு முன்பும் ஒரு வாரம் அளந்து எழுதுங்கள். அழுத்தத்தைக் காலையில், காப்பிக்கு முன், சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். மாலையிலும் அப்படியே. வீட்டில் எடுக்கும் அளவு சராசரியாக 135க்கு 85 என்ற எல்லைக்குக் கீழே இருந்தால் அது கட்டுப்பாட்டில் இருப்பதாகப் பொதுவாகக் கொள்கிறார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், பொட்டாசியம் ஆகியவற்றை ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம். எடையோடு தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவையும் எழுதுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது நம் மக்களுக்கான எல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குபவர்கள், வரும் ஊழியர் அளந்து பார்க்கும் எண்ணைத் தங்கள் தாளிலும் எழுதித் தரச் சொல்லலாம்.

இந்தத் தாளோடு மருத்துவரிடம் போய், "இந்த மாதத்திலிருந்து சோற்றைப் பாதியாகக் குறைக்கப்போகிறேன், எந்த மாத்திரையை இப்போதே குறைக்க வேண்டும், எந்த எண் வந்தால் உங்களைக் கூப்பிட வேண்டும்?" என்று கேளுங்கள். கிளிமிபிரைட், கிளிபென்கிளமைட், இன்சுலின் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் உணவை மாற்றவே கூடாது; சாப்பாட்டில் மாவுச்சத்து இருக்கும் என்ற கணக்கில் கொடுக்கப்பட்ட அளவு அவை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளைப் போடுபவர்கள் பட்டினி கிடப்பதோ மாவுச்சத்தை ஒரேயடியாக விடுவதோ வேறு வகையில் ஆபத்தானது. சர்க்கரை அளவு இயல்பாகத் தோன்றும்போதே இரத்தத்தில் அமிலம் கூடி, வாந்தியும் வயிற்று வலியும் மூச்சு வாங்குதலுமாக வந்து நிற்கக்கூடும். கர்ப்பிணிகளும், சிறுநீரக நோய் உள்ளவர்களும், ஏற்கெனவே மெலிந்து தளர்ந்த முதியவர்களும் மருத்துவரின் நேரடி வழிகாட்டுதலோடு மட்டுமே எந்த மாற்றத்தையும் செய்ய வேண்டும்.

தட்டு

காலையில் இட்லி, மதியம் சோறு, மாலையில் டீயோடு முறுக்கு, இரவில் தோசை என்று சாப்பிடும் ஒரு நாளில் எல்லா வேளையும் அரிசிதான் வந்து போகிறது. பெயரும் வடிவமும் மட்டும் மாறுகின்றன. இந்தியர்கள் தங்கள் கலோரியில் 62 விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்து பெறுகிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இன்டியாப் ஆய்வு 2025இல் தெரிவித்தது. நம் சர்க்கரை மாத்திரைகளில் ஒரு பங்கு இந்தச் சுமையைச் சமாளிக்கவே போடப்படுகிறது.

குறைப்பதற்கு முன் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று தெரிய வேண்டும். ஒரு சமையலறைத் தராசு வாங்கி, உங்கள் வழக்கமான சோற்றைத் தட்டில் போட்டு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். நூறு கிராம் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. எங்கள் வீட்டில் "கொஞ்சமாத்தான் சாப்பிடுறேன்" என்று சொன்ன அப்பாவின் மதியச் சோறு 420 கிராம் இருந்தது. மூன்று முறை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வதால் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சமாகவே தெரிந்திருக்கிறது. அதை முதல் வாரம் 300க்கும், மூன்றாம் வாரம் 200க்கும் கொண்டுவந்தோம். ஒரேயடியாக 100க்கு இறக்கினால் மாலை ஐந்து மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறக்க நேரிடும்.

குறைத்த இடத்தை நிரப்புவதில்தான் பலர் தவறுகிறார்கள். தட்டில் பாதி காய், கீரை; கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் போன்ற புரதம்; மீதிக் கால் பங்கு மட்டும் சோறு என்ற அளவை வைத்துக்கொள்ளலாம். காய் என்று நான் சொல்வதில் உருளைக்கிழங்கும் சேனையும் மரவள்ளியும் சேராது. அவை சோற்றின் பங்கைச் சேர்ந்தவை. பீன்ஸ், கோவைக்காய், சுரைக்காய், புடலை, வெண்டை, முட்டைக்கோஸ், வாழைப்பூ, வாழைத்தண்டு ஆகியவற்றைப் பொரியலாகவோ கூட்டாகவோ ஒரு கரண்டிக்குப் பதில் மூன்று கரண்டி வைக்க வேண்டும். நால்வர் உள்ள வீட்டில் ஒரு வேளைக்கே ஏறக்குறைய ஒரு கிலோ காய் வேண்டியிருக்கும். இது செலவு கூடும் காரியம் என்பதை மறைப்பதற்கில்லை. அந்தந்தப் பருவத்தில் மலிவாக வரும் காயையும் கீரைக்கட்டையும் நம்பினால் சமாளிக்கலாம். சாம்பாரில் பருப்பை இரட்டிப்பாக்கித் தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாக வைப்பது, புரதத்தைக் கூட்ட மிகச் சுலபமான வழி.

சாப்பிடும் வரிசைக்கும் பலன் உண்டு. காயையும் சுண்டலையும் முதலில் சாப்பிட்டு முடித்துவிட்டுச் சோற்றைத் தொட்டால், அதே சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. சாப்பிட்ட பின் பத்து, பதினைந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்தாலும் அப்படியே.

சிறுதானியத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் இதில் நல்ல எண்ணத்தோடு ஏமாறுபவர்கள் அதிகம். நூறு கிராம் அரிசியில் மாவுச்சத்து ஏறக்குறைய 78 கிராம். கேழ்வரகில் ஏறக்குறைய 67. நார்ச்சத்து கேழ்வரகில் பல மடங்கு கூடுதல், அது உண்மையான நன்மை. ஆனால் நைசாக அரைத்த கேழ்வரகு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஒரு பெரிய செம்பு குடித்தால் சர்க்கரை விரைவாகவே ஏறும். வரகும் சாமையும் தினையும் சோறாகச் சமைத்தால் சோற்றின் கால் பங்கு இடத்திலேயே இருக்க வேண்டும்; "இது சிறுதானியம்தானே" என்று அளவைக் கூட்டக் கூடாது.

உப்புப் பாக்கெட்டில் தேதி

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழ், அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டி. குழம்பிலும் மாவிலும் கலந்துவிடும் உப்பை யார் அளப்பது என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன் மேலேயே பேனாவால் தேதியை எழுதிவிடுங்கள். நால்வர் சாப்பிடும் வீட்டில் அது 50 நாள் வர வேண்டும். எங்கள் வீட்டில் 24 நாளில் தீர்ந்தது. தலைக்கு 10 கிராமுக்கு மேல் என்று பொருள். அப்பளம், வடாம், மோர் மிளகாய், கருவாடு, கடையில் வாங்கும் ஊறுகாய், பிஸ்கட் ஆகியவற்றிலுள்ள உப்பு இந்தக் கணக்கில் வராமல் தனியே சேருகிறது.

நாக்கு பழகுவதற்குச் சில வாரம் பிடிக்கும். அதுவரை ரசத்திலும் பொரியலிலும் எலுமிச்சையும் மிளகும் சீரகமும் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். சோறு வடிக்கும்போது உப்பே வேண்டாம். மோரில் உப்புக்குப் பதில் இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் போதும். சாப்பாட்டு மேசையிலிருந்து உப்பு ஜாடியை எடுத்துவிடுங்கள். இந்துப்பும் கல்லுப்பும் சோடியம் குளோரைடுதான், ஆகவே அவற்றுக்கும் இதே அளவு பொருந்தும். பொட்டாசியம் கலந்த "சோடியம் குறைந்த உப்பு" பலருக்கு உதவும் என்றாலும், டெல்மிசார்டான், லோசார்டான், எனலாபிரில், ஸ்பைரோனோலாக்டோன் போடுபவர்களும் சிறுநீரகம் பழுதுபட்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்கக் கூடாது. இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். தினமும் இரண்டு இளநீர் குடிக்கும் பழக்கத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அழுத்தம் இறங்கத் தொடங்கியதற்கான அடையாளம் எண்ணில் மட்டும் தெரியாது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்போது கண் இருட்டி, தலை சுற்றினால், உடனே அளந்து எழுதிக்கொண்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். முதியவர்கள் குளியலறையில் விழுவது இப்படித்தான் நேர்கிறது.

கேஸ் மாத்திரை

பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்றவற்றைச் சீட்டே இல்லாமல் வருடக்கணக்காக வாங்கிப் போடுபவர்களுக்கு, உணவு நேரத்தை மாற்றுவதே பாதி மருந்தாக அமையும். இரவு பத்து மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுப்பவருக்கு நெஞ்செரிச்சல் வருவதில் வியப்பில்லை. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணி நேரம், வெறும் வயிற்றில் டீயும் காப்பியும் இல்லாத காலை, எண்ணெயும் காரமும் குறைந்த இரவு, சற்றே இறங்கிய இடுப்புச் சுற்றளவு ஆகிய இவை பலருக்குப் போதும். பல நாள் போட்ட மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் ஓரிரு வாரம் அமிலம் கூடுதலாகச் சுரந்து, "மாத்திரை இல்லாமல் முடியாது" என்று நம்ப வைத்துவிடும். ஆகவே மருத்துவர் சொல்லும்படி அளவைப் பாதியாக்கி, பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள் என்று இறங்க வேண்டும். வலி மாத்திரையோ ஆஸ்பிரினோ போடுபவர்களுக்கு வயிற்றுப் புண் வராமலிருக்க இது எழுதப்பட்டிருக்கலாம். அவர்கள் கேட்காமல் விடக் கூடாது. எடை காரணமின்றிக் குறைவது, விழுங்கச் சிரமம், கறுத்த மலம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் உணவு மாற்றத்தோடு நிற்காமல் உடனே பரிசோதனைக்குப் போக வேண்டும்.

மாத்திரையோடு மோதும் உணவு

தைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காப்பிக்கு முன் அரை மணி முதல் ஒரு மணி நேரம் விட வேண்டும். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். பலருக்கு அளவு கூட்டப்படுவதற்குக் காரணம் காப்பியோடு சேர்த்து விழுங்குவதாகவே இருக்கும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுபவர்கள் "உடம்புக்கு நல்லது" என்று திடீரென்று தினமும் கீரை சாப்பிடத் தொடங்கினால், கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். வாரத்தில் எத்தனை முறை, எவ்வளவு என்பது மாறாமல் இருக்க வேண்டும். நெடுநாள் மெட்ஃபார்மின் போடுபவர்களுக்கு, அதிலும் சைவ உணவு மட்டும் சாப்பிடுபவர்களுக்கு, வைட்டமின் பி12 குறைந்து கால் மரத்துப்போகலாம். அதைச் சர்க்கரையால் வந்தது என்றே நினைத்துவிடாமல் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பாகற்காயும் வெந்தயமும் நல்ல உணவுகள். தட்டில் அவற்றுக்கு இடம் உண்டு. ஆனால் சர்க்கரையை அடியோடு போக்குவதாகப் பெயரில்லாத பொட்டலத்தில் விற்கப்படும் பொடிகளை வாங்காதீர்கள். இப்படிப்பட்ட பொடிகளில் கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரைகளே அரைத்துக் கலக்கப்பட்டிருந்ததும், ஈயம் போன்ற உலோகங்கள் இருந்ததும் கண்டறியப்பட்டுள்ளன. மாத்திரையிலிருந்து தப்பிக்க நினைத்தவர், எவ்வளவு என்று தெரியாத அளவில் அதே மாத்திரையை விழுங்குகிறார்.

குறைக்கும் நாளும் அதற்குப் பிறகும்

உணவை மாற்றிய முதல் இரண்டு வாரம், காலையிலும் இரவு படுக்கும் முன்பும் சர்க்கரையைப் பாருங்கள். 70க்குக் கீழே வந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்த்து, அப்போதும் ஏறவில்லையென்றால் திரும்பவும் குடிக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும். மறுநாளே மருத்துவரிடம் எண்ணைச் சொல்லுங்கள். மாத்திரையைக் குறைக்கச் சொல்வது பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒன்றாகவே இருக்கும், அதுவும் தாழ்சர்க்கரையை உண்டாக்கக்கூடியவற்றிலிருந்து தொடங்கும். என் அப்பாவுக்கு கிளிமிபிரைட் முதலில் பாதியானது, ஏழாவது வாரம் நின்றது; மெட்ஃபார்மின் இன்றும் தொடர்கிறது. அவருக்குச் சர்க்கரை வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை ஆண்டுகளில் கணையம் இழந்ததை உணவு முழுவதும் மீட்டுத் தராது என்று மருத்துவர் விளக்கினார்; நாங்கள் அதை ஏற்றுக்கொண்டோம்.

மாத்திரை எதுவும் இல்லாமல் மூன்று மாதம் கழித்தும் எச்பிஏ1சி 6.5க்குக் கீழே நின்றால் அதை நோய் தணிந்த நிலை என்கிறார்கள். அந்த நிலையை அடைந்தவர்களும் முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும்; விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் புரதம், கால் பாதத்தின் உணர்ச்சி ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறை விடாமல் பார்க்க வேண்டும். எடை மூன்று கிலோ திரும்பி ஏறியதும், எண்கள் ஏறும்வரை காத்திருக்காமல், சோற்றைத் தராசில் வைத்து மறுபடியும் நிறுத்துப் பாருங்கள்.